இரண்டாவது சரணம்

கல்யாண வரவேற்பு மேடையில் பாடுகிறவர்களிடம் ஒரு தொழில் ரகசியம் உண்டு. எந்தப் பாட்டையும் நாங்கள் முழுசாகப் பாடமாட்டோம். பல்லவி, ஒரு சரணம், திரும்பப் பல்லவி, கைதட்டல், அடுத்த பாட்டு. கேட்கிறவர்கள் மாப்பிள்ளை பெண்ணோடு போட்டோ எடுக்கும் அவசரத்தில் இருப்பார்கள், ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். இரண்டாவது சரணம் என்று ஒன்று இருப்பதே பாதிப் பாடகர்களுக்கு மறந்துபோயிருக்கும். எனக்கும் மறந்துதான் போயிருந்தது, அந்த மனுஷன் எங்கள் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்க வந்து சேரும்வரை.

பெயர் சொல்லமாட்டேன். காரைக்காலில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். இப்போது எங்கோ மலைப்பக்கம் ஒரு ஊரில் பாட்டுக்குழு வைத்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் யாருடைய பேச்சையாவது கேட்டுப் பாட்டைப் பாதியில் நிறுத்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? சான்ஸே இல்லை.

முதல் நாள் மொபெட்டின் பின்னால் கிதாரைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கறுப்புச் சட்டை, தோள் வரைக்கும் முடி, அதற்கு ஒரு ரப்பர் பேண்டு. கிராமத்துக் கல்யாணம், வாசலை அடைத்துப் பந்தல். வழக்கம்போல நான் ஒரு சரணத்தை முடித்து, பல்லவிக்கு வந்து, கும்பிடு போட்டுவிட்டேன். பின்னால் கிதார் மட்டும் நிற்கவில்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இசை, அட்சரம் பிசகாமல் போய்க்கொண்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். பந்தல் கூரையைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, பாடு என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எதைப் பாடுவது? வாயில் ஒரு வார்த்தை இல்லை. சரணம் முழுக்க 'லல்லா லலலா' என்று பாடினேன். மணப்பெண்ணே மாலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இதற்கு நடுவில் பெண்ணின் மாமா மேடை ஓரத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மைக்கக் குடும்மா. பந்தி ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லணும்."

"முடிச்சிட்டுத் தர்றோங்க," என்றார் மாஸ்டர், அவரைப் பார்க்காமலே.

"சாம்பாரு ஆறுதுங்க!"

"சூடு பண்ணிக்கலாங்க."

இறங்கியதும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "என்னா நெனச்சிட்டிருக்கீங்க மாஸ்டர்? அத்தன பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டீங்களே!"

அவர் கிதாரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "பாட்டு என்னா, பாதி வழியில எறக்கி விடுற பஸ்ஸாம்மா? ஏத்திக்கிட்டோம்ல, கொண்டுபோய்ச் சேக்கணும். அதுவும் ரெண்டாவது சரணத்துலதான் எழுதுனவரு சொல்ல வந்தத சொல்லியிருப்பாரு. போய்ப் படிச்சிட்டு வா."

ஆத்திரம் என்றால் ஆத்திரம். வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த பாட்டுகளுக்கெல்லாம் இரண்டாவது சரணத்தைத் தேடிப் படித்தேன். அந்த ஆள் சொன்னது நிஜம். அவ்வளவு நாளும் பாதிப் பாட்டைப் பாடிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அவருக்கு ஊர் விழிதியூர். நெல் விவசாயம் பார்க்கும் குடும்பம். அண்ணன் அரசாங்க வேலையில் இருந்தார், இவரையும் எதிலாவது நுழைத்துவிட அலையாய் அலைந்தார். டவுனில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு சொல்தா வீட்டில் மூலையில் கிடந்த கிதாரை வாங்கித்தான் இவர் தானே கற்றுக்கொண்டார். பாண்டிச்சேரியில் படிக்கிற காலத்தில் ராக் பேண்ட் ஒன்று வைத்திருந்தார்கள். தமிழிலேயே எழுதி, தொண்டை கிழியக் கத்திப் பாடுவார்களாம். அப்புறம் கூட இருந்தவர்களில் ஒருவர் துபாய்க்கு, ஒருவர் பேங்குக்கு, இன்னொருவர் மாமனாரின் சிமெண்ட் கடைக்கு என்று போய்விட்டார்கள்.

"வருத்தமா இல்லியா மாஸ்டர்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அவங்க எடம் வந்துச்சு, எறங்கிட்டாங்க. எனக்கு இன்னும் வரல."

அவர் கிதாருக்குக் கீழே, காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். மிதித்தால் கிதார் உறுமும். கச்சேரியின் முதல் பாட்டு பிள்ளையார் பாட்டாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்தப் பாட்டுக்கும் இந்த மனுஷன் பெட்டியை மிதிப்பார். ஒரு பெரியவர் பொறுக்கமுடியாமல் மேடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இந்தச் சத்தத்துக்குப் பிள்ளையாரு எந்திரிச்சு ஓடிடுவாருப்பா!"

"ஏங்க ஓடுறாரு? யானைக் காதுங்க. நல்லா கேப்பாரு."

பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பெண் பார்க்கப் போன கதையை அவருடைய அண்ணியே என்னிடம் தலையிலடித்துக்கொண்டு சொன்னாங்க. பெண்ணுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. எங்கள் ஊரில் அதற்குமேல் ஒரு வரன் கிடையாது, கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளையும் பிரான்ஸுக்கு விமானம் ஏறிவிடலாம். ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. காபி வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று பெண்ணின் அப்பா, வீட்டிலிருந்த ஒரு கிதாரை எடுத்துக் கொடுத்து, "ஒரு ரெண்டு வரி வாசிங்க மாப்ள" என்றிருக்கிறார். இரண்டு வரியாம்! யாரிடம் போய்!

இவர் முழுப் பாட்டையும் எடுத்துவிட்டார். அம்மா தொடையில் கிள்ளுகிறார்கள், அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார், காபி ஆறி ஆடை படிகிறது. பாட்டு முடிந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. பெண் வீட்டார் அதையே சகுனமாக வைத்துக்கொண்டு பேச்சை முடித்துவிட்டார்கள். "அந்தப் பொண்ணு மட்டும் கதவோரம் நின்னு கடைசி வரைக்கும் கேட்டுச்சு," என்றாங்க அண்ணி. அதை மாஸ்டரிடம் சொன்னேன். "அப்ப சரி, வாசிச்சது வீணாப் போவல," என்றார். இப்படி ஒரு ஆளை என்ன செய்வது?

குழுவை நடத்தியவர் கடைசியில் நேராகவே சொல்லிவிட்டார், பாட்டைச் சுருக்கு அல்லது கிளம்பு என்று. அன்று எடுத்திருந்த பாட்டுகளையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு மாஸ்டர் கிளம்பினார். பிறகுதான் கிதார் வகுப்பு.

வகுப்புக்கு இடம் கிடைப்பதற்குள் அவர் பட்ட பாடு! சத்தம் தாங்கவில்லை என்று போன இடத்திலெல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். கடைசியில் கோட்டுச்சேரியில் ஒரு ரைஸ் மில் முதலாளி, தன் அரிசிக் கடைக்கு மேலே இருந்த மாடி அறையைக் கொடுத்தார். மில் சத்தத்தில் அவருக்குப் பாதிக் காது போயிருந்தது, அதனால் கிதார் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அந்த அறையும் போனால் மாஸ்டருக்கு ஊரில் வேறு போக்கிடம் கிடையாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம். தப்பு வந்தால் நிற்கக்கூடாது. "தப்பு வந்துச்சா? வரட்டும், அதுவும் கூடவே வரட்டும். நீ நிக்காத." சில பெற்றவர்கள் புகாரோடு வந்தார்கள். விருந்தாளி வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு மாமாவுக்கு ஒரு பாட்டு வாசித்துக்காட்டு என்பது வழக்கம்தானே, வாசிக்க ஆரம்பித்த பிள்ளை நிறுத்த மாட்டேன் என்கிறது, மாமாவின் பஸ் போய்விட்டது என்றார்கள். மாஸ்டருக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல்.

அங்கேதான் முதலாளியின் வீட்டம்மா வந்தாங்க. ஐம்பதைத் தாண்டியவங்க, பேரன் எடுத்தவங்க, எங்களுக்கெல்லாம் அக்கா. கடைக்குப் பின்னாலேயே வீடு. மாடியிலிருந்து வரும் சத்தத்தைச் சமையற்கட்டில் நின்று கேட்டுக் கேட்டு, ஒருநாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி படியேறி வந்துவிட்டாங்க. சின்ன கிதார் எதுவும் வேண்டாம், அடியில் தும்தும் என்று வருகிறதே அதுதான் வேண்டும் என்றாங்க. அதாவது பேஸ் கிதார். பெரியது, கனமானது. தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தாங்க பாருங்கள், அந்த முகத்தை என்னால் மறக்கமுடியாது.

ஆனால் ஒரு பாட்டைக்கூட முடிக்கமுடியாது. பாதி போகும்போதே கீழேயிருந்து குரல் வரும். "இந்தா!" முதலாளி பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். பாதிக் காது போனவர் என்பதால் அந்த 'இந்தா' தெரு முனைக்குக் கேட்கும். அக்கா உடனே கிதாரை இறக்கி வைத்துவிட்டு ஓடிவிடுவாங்க. காபி, கண்ணாடி, துண்டு, எதற்காகவாவது இருக்கும். மூச்சு வாங்கத் திரும்பி வந்ததும் மாஸ்டர், "முதல்லேருந்துக்கா," என்பார். முதலிலிருந்து தொடங்குவாங்க. மறுபடி "இந்தா!"

"அவரு கெட்டவரு இல்ல தம்பி," என்று ஒருநாள் சொன்னாங்க, பெரிய கோபமில்லாமல். "கூப்ட்டுப் பழகிட்டாரு. நானும் ஓடிப் பழகிட்டேன். கோலம் பாதியில கூப்புடுவாரு, சோறு பாதியில கூப்புடுவாரு. நான் ஆரம்பிச்ச ஒண்ண ஒரே மூச்சுல முடிச்சதா எனக்கு ஞாபகமே இல்ல."

நான் குழுவில் பாடிக்கொண்டே மாஸ்டரிடமும் வந்து பாடிக்கொண்டிருந்த நேரம் அது. பட்டினச்சேரியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒருத்தர் டிரம்ஸ் வாசித்தார். மாஸ்டர், அக்கா, அவர், நான் என்று நாலு பேராக ஒரு பேண்ட் தானாக அமைந்துவிட்டது. மாஸ்டர் சொந்தமாக எழுதிய ஒரு பாட்டைத் தயார் செய்தோம். பெரிய கவிதையெல்லாம் இல்லை. ஒவ்வொரு அடியும் 'போகமாட்டேன்' என்று முடியும். அவ்வளவுதான்.

கோட்டுச்சேரிமேட்டில் கோயில் திருவிழா வந்தது. ஒரு நாள் நிகழ்ச்சி முதலாளியின் உபயம். மேடை, ஜெனரேட்டர், சிறப்பு விருந்தினர் எல்லாம் அவர் ஏற்பாடு. "என் வீட்டம்மாவும் கிதார் வாசிக்கிறாங்க" என்று விருந்தினரிடம் காட்டிக்கொள்ள அவருக்கு ஆசை. எங்களுக்கும் மேடை கிடைத்தது. ஆனால் முந்தின நாளே மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"தம்பி, ஒங்க கதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கேன். விருந்தினரு கார விட்டு எறங்குனா மேடை என்கிட்ட வந்துடணும். இவ தாம்பாளத்தோட என் பக்கத்துல நிக்கணும், சால்வை போடணும். எடக்கு பண்ணுனா ரூம காலி பண்ணிக்குங்க."

"அவரு வர்றதுக்கு முன்னாடி முடிச்சிடுறோங்க," என்றார் மாஸ்டர்.

அதில் தப்பும் இல்லை. எங்கள் பக்கத்தில் சிறப்பு விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. நோட்டீஸில் ஆறு மணி என்று போட்டால் ஏழரைக்குமேல்தான் கார் வரும். மேடை கட்டுகிறவர் முதல் மாலை வாங்கப் போகிறவர் வரை அந்தக் கணக்கில்தான் வேலை பார்ப்பார்கள். நாங்களும் அதே கணக்கில்தான் வெளிச்சம் இருக்கும்போதே பாட்டைத் தொடங்கினோம். மாலை வாங்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

அந்தப் புண்ணியவான் அன்றைக்குப் பார்த்துச் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்.

முதல் சரணம் முடிந்து பல்லவியில் இருந்தோம். அதற்குள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மீனவப் பெண்களுக்குப் பாட்டு பிடிபட்டுவிட்டது. நான் அடியைப் பாட, 'போகமாட்டேன்' என்பதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் கார் வந்தது. முதலாளி ஓடினார், கும்பிட்டார், மேடைக்கு அழைத்து வந்தார். எங்களைப் பார்த்துக் கையை வெட்டிக் காட்டினார். மாஸ்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது சரணத்து இசையில் இறங்கிவிட்டார்.

முதலாளி ஜெனரேட்டர்காரரைப் பார்த்து ஒரு சைகை செய்தார். அடுத்த நொடி எல்லாம் செத்துப்போனது. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, சீரியல் பல்புகூட இல்லை.

மின்சாரம் போன எலக்ட்ரிக் கிதார் எப்படிக் கேட்கும் தெரியுமா? காதோரம் கொசு பறக்கிற மாதிரி. மாஸ்டர் வாசித்துக்கொண்டிருந்தார். விரல் ஒரு இடத்திலும் அவசரப்படவில்லை, ஒரு சுரத்தையும் விடவில்லை. காலால் அந்தப் பெட்டியைக்கூட மிதித்தார், அது உறுமும் என்பதுபோல. டிரம்ஸுக்குக் கரண்ட் எதற்கு? அடி அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த அறை போகிறது, இனி இந்த மனுஷன் எங்கே போவார் என்று. அப்போது கீழேயிருந்து வந்தது அந்தக் குரல். மைக் இல்லாமலே கடற்கரை வரை கேட்டிருக்கும்.

"இந்தா! எறங்கி வா!"

அக்காவின் கை நின்றது. நான் பார்த்தேன். வலது கை கம்பிக்கு மேலே அப்படியே நின்றது. இடது கை பட்டையைத் தோளிலிருந்து கழற்றப் போனது, அவ்வளவு வருஷத்துப் பழக்கம். மாஸ்டர் மெதுவாக அவங்க பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. "தப்பு வந்துச்சா? வரட்டும்கா," என்றார். "நிக்காதீங்க."

அக்கா புருஷனைப் பார்த்தாங்க. பார்த்தபடியே அடுத்த சுரத்தைத் தட்டினாங்க. ஒரு சத்தமும் வரவில்லை. ஆனால் தட்டினாங்க. அதற்கடுத்ததும் தட்டினாங்க.

அதைப் பார்த்த பிறகு எனக்கு என்ன பயம்? மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேடை விளிம்புக்கு வந்து, அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினேன் இரண்டாவது சரணத்தை. இந்தத் தடவை 'லல்லா' இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். அடி முடிந்த இடத்தில் முன்வரிசைப் பெண்கள் மீன் ஏலம் கூறிப் பழகிய தொண்டையில் எடுத்தார்கள். "போகமாட்டேன்!" விருந்தினர் பாதிப் படியில் நின்றார், பின்னால் முதலாளி நின்றார். பாட்டு முடிகிறவரை நின்றார்கள். முடிந்ததும் மாஸ்டர் கிதாரை இறக்கிவிட்டு, படிக்கு வந்து கும்பிட்டார்.

"வாங்கய்யா. இப்ப மேடை ஒங்களுக்கு."

சால்வை போட்டார்கள். தாம்பாளத்தை வேறு யாரோ பிடித்தார்கள்.

மறுநாள் மாடி அறையில் பூட்டு தொங்கியது. முதலாளி சொன்னதைச் செய்கிறவர். மாஸ்டர் பூட்டைப் பார்த்தார், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்து கிதாரை மடியில் வைத்துக்கொண்டார். வகுப்புக்கு வந்தவர்கள் அவருக்கு மேலேயும் கீழேயும் படிக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். பிற்பாடு அந்த அறை எப்படித் திறந்தது என்பது பெரிய விஷயமில்லை. மாடியில் அடுக்கியிருந்த காலிச் சாக்கை எடுக்க ஒருவராலும் படியேற முடியவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் வழி விடமாட்டோம் என்று இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு முதலாளியே ஒருநாள் பூட்டை எடுத்துவிட்டார். மாஸ்டர் ஊரை விட்டுப் போகும்வரை அது அவருடைய அறைதான்.

என் மனசில் நிற்பது அந்த முதல் காலை. நானும் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா வரமாட்டாங்க என்றுதான் நினைத்தோம். வீட்டில் என்ன நடந்ததோ, யாருக்குத் தெரியும்? பின்கட்டுக் கதவு திறந்தது. பேஸ் கிதாரைக் குழந்தையை அணைத்த மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாங்க. கடைசிப் படியில் உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, "முதல்லேருந்தா தம்பி?" என்றாங்க.

"முதல்லேருந்துக்கா."

பல்லவி போனது. முதல் சரணம் போனது. கடைக்குள்ளிருந்து வந்தது.

"இந்தா! காபி எங்க?"

நாங்கள் எல்லோரும் அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் மட்டும் வானத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். முதலாளி கடையை விட்டு வெளியே வந்து படிக்கு எதிரே நின்றார். அக்கா கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. முகத்தை மட்டும் நிமிர்த்தினாங்க.

"ரெண்டாவது சரணம் இருக்குங்க," என்றாங்க. "முடிச்சிட்டு வர்றேன்."